எங்கள் வீட்டு விளையாட்டு அலமாரி

சென்ற பொங்கல் விழாவன்று பந்தி முடிந்து, பெரியவர்கள் எல்லோரும் வெற்றிலை பாக்கோடு பேச உட்கார்ந்துவிட்ட நேரத்தில், குழந்தைகள் ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தி திரட்டி வந்த கூட்டம் அது. முன் அறையில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் நின்றுகொண்டு ஒரு பையன், "தாத்தா, யே சப் க்யா ஹை?" என்று கேட்டான். "எல்லாம் வீடியோ கேம்தான்டா" என்றேன். அவன் நம்பவில்லை. "அப்போ ஸ்க்ரீன் எங்கே?" என்று திருப்பிக் கேட்டான்.

அன்று அவர்களுக்குச் சொன்னதையும், நேரமில்லாமல் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். நான் எழுத்தாளன் அல்ல. டிப்ளமா முடித்துவிட்டு 1982-ல் ரயில்வே சிக்னல் பகுதியில் சேர்ந்து, பெரும்பாலான வருடங்களை பிலாஸ்பூரிலும் பிலாய் மார்ஷலிங் யார்டிலும் கழித்து, 2020-ல் ஓய்வு பெற்றவன். ரிலேயும் ஒயரும்தான் எனக்குத் தெரிந்த பாஷை. ஆகையால் இந்தப் பாடமும் அந்தப் பாஷையில்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அலமாரியில் இருப்பவை மொத்தம் முப்பத்தேழு உருப்படிகள். எல்லோருக்கும் தெரிந்த மரியோ, கான்ட்ரா வகையறாக்களை நான் தேடிப் போனதில்லை. அவற்றைக் காப்பாற்ற உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. அதிகம் பேர் கேள்விப்படாத, சந்தையில் பழைய இரும்பு விலைக்குக் கிடைத்த பொருள்கள்தான் இங்கே அதிகம். விலை உயர்ந்த ஒரு பொருளைக்கூடக் காட்ட முடியாது. ஆனால் ஒவ்வொன்றும் ஓடும். ஓடாததை அலமாரியில் வைப்பதில்லை என்பது என் கொள்கை. அது கட்டிலுக்கு அடியில் பெட்டியில் கிடக்கும்.

முதலில் குழந்தைகள் கையில் கொடுத்தது ஓநாயை. உள்ளங்கை அகல உலோகப் பட்டை பதித்த ஒரு பெட்டி, நடுவில் சின்னக் கண்ணாடித் திரை, இரு பக்கமும் இரண்டிரண்டு சிவப்புப் பொத்தான்கள். இது சோவியத் நாட்டில் 1984-ல் வந்த 'எலெக்ட்ரோனிகா' வரிசை விளையாட்டு. பெயர் 'நூ, பகதீ!'. நம் வழக்கில் சொன்னால், "இரு இரு, உன்னைப் பார்த்துக்கறேன்!" என்று பொருள். 1969 முதல் அங்கே வந்த புகழ்பெற்ற கார்ட்டூன் படத்தின் பெயரும் இதுதான். அந்தப் படத்தின் ஓநாயும் முயலும்தான் இதிலும் வருகின்றன. விளையாட்டு முறை ஜப்பானிய நிண்டெண்டோ கம்பெனி 1981-ல் வெளியிட்ட 'எக்' என்ற கையடக்க விளையாட்டை அப்படியே ஒத்தது.

இது பிலாய்க்கு எப்படி வந்தது என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உருக்காலை சோவியத் உதவியோடு எழுந்தது. அங்கிருந்து வந்த நிபுணர்கள் குடும்பத்தோடு பல வருடங்கள் இங்கே தங்கியிருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன சாமான்கள் கை மாறிக் கை மாறி சுபேலா ஞாயிறு சந்தையில் தலைகாட்டும். 1996-ல் அங்கே ஒரு தார்ப்பாயின்மேல், உடைந்த இஸ்திரிப் பெட்டிக்கும் பால்பேரிங்குக்கும் நடுவில் இது கிடந்தது. முப்பது ரூபாய் கேட்டார், இருபதுக்குக் கொடுத்தார். சேகரிப்பு அங்கே ஆரம்பித்தது என்று சொல்லலாம். அன்று அதைச் சேகரிப்பு என்று நான் நினைக்கவில்லை. ஏன் ஓடவில்லை என்று பார்க்கத்தான் வாங்கினேன்.

நான்கு மூலைகளில் கோழிகள் முட்டை இடும். முட்டைகள் சரிவில் உருண்டு வரும். ஓநாய் கூடையை நீட்டிப் பிடிக்க வேண்டும். முட்டை கீழே விழுந்து உடைந்தால் ஒரு தவறு. மேலே ஜன்னலில் முயல் தலைகாட்டும் நேரத்தில் உடைந்தால் அரைத் தவறுதான். ஆயிரம் புள்ளி எடுத்தால் கார்ட்டூன் படமே திரையில் ஓடும் என்று அந்த நாட்டுக் குழந்தைகளிடையே ஒரு வதந்தி இருந்ததாம். 999-க்குமேல் எண் காட்ட அதில் இடமே இல்லை. சைபரிலிருந்து மறுபடி ஆரம்பிக்கும், அவ்வளவுதான்.

இனிப் பாடம். அந்தத் திரையில் ஓநாய் அசைகிறதா? அசையவே இல்லை. கூடையைப் பிடிக்கும் கைகள், உருளும் முட்டைகள், முயல், உடைந்த முட்டை என அத்தனையும் தனித்தனி வடிவங்களாகக் கண்ணாடியில் முன்கூட்டியே அமைக்கப்பட்டவை. எதற்கு மின்னழுத்தம் கிடைக்கிறதோ அது மட்டும் கறுத்துத் தெரியும். நம் கலர் லைட் சிக்னலில் சிவப்பு விளக்கு நகர்ந்து போய்ப் பச்சை ஆவதில்லையே. இருக்கும் விளக்குகளில் எது எரிகிறது என்பதுதான் மாறுகிறது. அதே கதைதான். திரையை வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பார்த்தால் எல்லா உருவங்களும் ஒரே நேரத்தில் மங்கலாகத் தெரியும். குழந்தைகள் இதைத்தான் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், விளையாடக்கூட இல்லை.

அந்தக் கண்ணாடிக்குள் இருப்பது திரவப் படிகம். முன்னும் பின்னும் ஒளியை ஒரே திசையில் மட்டும் அனுமதிக்கும் இரண்டு மெல்லிய தாள்கள் ஒட்டியிருக்கும். வருடங்கள் போகப் போக இந்தத் தாள் பழுப்பேறிக் கருகிவிடும். விஷயம் தெரியாதவர்கள் திரையே போய்விட்டது என்று தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அது தேவையில்லை. தாளை மெதுவாக உரித்து, பசையைத் துடைத்து, புதுத் தாளை வெட்டி ஒட்டினால் போதும். ஒரு எச்சரிக்கை: தாளுக்குத் திசை உண்டு. முதல் தடவை நான் தொண்ணூறு டிகிரி திருப்பி ஒட்டிவிட்டேன். திரை முழுக்கக் கறுப்பு, ஓநாய் மட்டும் வெள்ளை! என் மனைவி, "இது அமாவாசை ஓநாயா?" என்று கேட்டாள். மறுபடி உரித்தேன்.

இந்த வகைக் கையடக்க விளையாட்டுகளுக்கு மூல காரணமே ஒரு ரயில் பயணம் என்பது எனக்கு ஒரு சந்தோஷம். நிண்டெண்டோவில் இருந்த குன்பெய் யோக்கோய் என்ற எஞ்சினியர், புல்லட் ரயிலில் போகும்போது, பொழுது போகாத ஒரு பயணி கால்குலேட்டர் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். அந்த யோசனைதான் 1980-ல் 'கேம் அண்ட் வாட்ச்' என்ற பெயரில் வெளிவந்தது. அதற்கும் முன்பு, 1962-ல், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பி.டி.பி-1 என்ற கம்ப்யூட்டருக்காக 'ஸ்பேஸ்வார்' எழுதினார்கள். அதில் ஈடுபட்ட இளைஞர்கள் பலர் அங்கிருந்த மாதிரி ரயில் மன்றத்தின் உறுப்பினர்கள். பொம்மை ரயிலுக்கு அடியில் ரிலேயும் ஸ்விட்சும் பூட்டிக்கொண்டிருந்தவர்கள். கம்ப்யூட்டரின் சொந்த ஸ்விட்சுகளை அழுத்தி அழுத்தி முழங்கை வலித்ததால், ஆலன் கோட்டாக், பாப் சாண்டர்ஸ் என்ற இருவர் அந்த மன்றத்தில் கிடந்த உதிரிப் பாகங்களைக் கொண்டு மரப்பெட்டியில் கைப்பிடி செய்தார்கள். மன்றத்தின் அந்தப் பிரிவுக்குப் பெயர் 'சிக்னல்ஸ் அண்ட் பவர்'. எங்கள் டிபார்ட்மெண்ட்தான் என்று நான் யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை!

அடுத்த தட்டில் இருப்பவை கேசட்டுகள். தொண்ணூறுகளில் பிள்ளை வளர்த்தவர்கள் வீட்டில் இவை கட்டாயம் இருந்திருக்கும். டி.வி.யோடு இணைக்கும் பெட்டி, இரண்டு கைப்பிடி, மஞ்சள் அல்லது சிவப்புக் கேசட். ஜப்பானில் 1983-ல் வந்த 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்ற இயந்திரத்தின் வழிவந்தவை இவை. '9999 விளையாட்டுகள்' என்று மேலே படம் போட்டிருக்கும். மெனுவைக் கடைசிவரை புரட்டிப் பார்த்தால் அதே பத்துப் பதினைந்து விளையாட்டுகள்தான், வேறு வேறு கட்டத்திலிருந்து ஆரம்பிக்கும்.

அந்தக் கூட்டத்தில் யாரும் கவனிக்காமல் ஒரு மூலையில் இருக்கும் விளையாட்டு 'பைனரி லேண்ட்'. ஹட்சன் கம்பெனி 1985-ல் கேசட்டாக வெளியிட்டது. இரண்டு பென்குயின்கள், நடுவில் ஒரு சுவர். நீங்கள் இடது பக்கம் அழுத்தினால் ஒன்று இடது பக்கம் போகும், மற்றது வலது பக்கம் போகும், கண்ணாடியில் பிம்பம் போல. இரு பக்கத்துப் பாதைகளும் ஒன்றுபோல் இருக்காது. இரண்டையும் மேலே கூண்டில் இருக்கும் இதயத்துக்கு ஒரே நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒன்றை முன்னே விட்டு மற்றதைச் சுவரில் முட்டவைத்து நிறுத்தும் தந்திரம் பிடிபட்டால் சுலபம். என் மனைவி வேறு எந்த விளையாட்டையும் தொடமாட்டாள், இதை மட்டும் மாலையில் ஒரு மணி நேரம் ஆடுவாள். அவளிடம் நான் இன்றுவரை ஜெயித்ததில்லை.

ஆரம்ப காலக் கேசட்டுகளின் கொள்ளளவைக் கேட்டால் இன்றைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். 1985-ல் வந்த முதல் சூப்பர் மரியோ முழுவதுமே 40 கிலோபைட். வாட்ஸப்பில் வரும் ஒரு 'குட் மார்னிங்' ரோஜாப்பூ அதைவிடப் பெரிது. அதற்குள் எப்படி அடக்கினார்கள்? வானத்து மேகத்தையும் தரையில் இருக்கும் புதரையும் உற்றுப் பாருங்கள். இரண்டும் ஒரே படம். நிறம் மட்டும் வேறு. இதைக் காட்டியபோது ஒரு பெண், "சீட்டிங்!" என்று கத்தினாள். சிக்கனம் என்று நான் சொன்னேன். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

கேசட் வேலை செய்யாவிட்டால் வாயால் ஊதுவது அகில இந்திய வழக்கம். தயவுசெய்து ஊதாதீர்கள். வாயின் ஈரம் செப்புத் தகட்டை நாளடைவில் அரித்துவிடும். ஊதியபின் வேலை செய்ததே என்பீர்கள். கழற்றி மறுபடி செருகியதால் வேலை செய்தது, ஊதியதால் அல்ல. ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாக உலரவிட்டுச் செருகினால் போதும். எங்கள் ரிலே ரூமில் காண்டாக்டை விரலால் தொட்டாலே மேலதிகாரி முகம் சுளிப்பார். ஊதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

பொங்கலன்று பெரிய ஏமாற்றம் துப்பாக்கியால் வந்தது. வாத்து சுடும் விளையாட்டு. குழந்தைகள் அதை ஹாலில் இருக்கும் புது எல்.ஈ.டி. டி.வி.யில் போடச் சொன்னார்கள். போட்டேன். நூறு தடவை சுட்டாலும் ஒரு வாத்துகூட விழவில்லை. துப்பாக்கி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினார்கள். அதையே உள்ளறையில் இருக்கும் பழைய 14 அங்குலக் குழாய் டி.வி.யில் போட்டதும் முதல் குண்டிலேயே வாத்து விழுந்தது. ஏன்? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால் பாதி டெலிவிஷன் பாடம் தெரிந்த மாதிரி.

துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. அதன் குழலுக்குள் இருப்பது ஒளியை உணரும் ஒரு கண். விசையை அழுத்தியதும் இயந்திரம் ஒரு கணம் திரை முழுவதையும் கறுப்பாக்கும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம் போடும். முதலில் இருட்டு, அடுத்து வெளிச்சம் என்று துப்பாக்கிக் கண் சொன்னால் குறி சரி என்று பொருள். இரண்டு வாத்துகள் இருந்தால் வெள்ளைச் சதுரத்தை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்கும். நம் நாட்டு டி.வி. முறையில் ஒரு கணம் என்பது ஒரு செகண்டில் ஐம்பதில் ஒரு பங்கு. அதனால்தான் கண்ணுக்கு ஒரு மின்னல் மட்டும் தெரிகிறது.

குழாய் டி.வி.யில் படம் முழுவதும் ஒரே நேரத்தில் தோன்றுவதில்லை. ஒரு எலெக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழாகக் கோடு கோடாக வரைகிறது. ஒரு படத்துக்கு 625 கோடு, செகண்டுக்கு 25 படம். பெருக்கிப் பாருங்கள்: செகண்டுக்கு 15,625 கோடுகள். துப்பாக்கிக்குள் இருக்கும் சர்க்யூட் கிட்டத்தட்ட இந்த வேகத்தில் துடிக்கும் ஒளியைத்தான் மதிக்கும். குண்டு பல்பைக் காட்டி ஏமாற்ற முடியாமல் இருக்க அந்த ஏற்பாடு. எல்.ஈ.டி. டி.வி.யில் கற்றையும் இல்லை, துடிப்பும் இல்லை. போதாததற்கு, அது வரும் படத்தை வாங்கி வைத்து, தன் அளவுக்கு மாற்றி, சற்றுத் தாமதித்துத்தான் காட்டும். வெள்ளைச் சதுரம் திரைக்கு வரும்போது இயந்திரம் கேள்வியைக் கேட்டு முடித்துப் போயே போய்விட்டது. வண்டி தாண்டிப் போனபின் சிக்னல் இறங்கிய கதை! உங்கள் வீட்டில் குழாய் டி.வி. இன்னும் இருந்தால், போன் கேமராவில் ஸ்லோ மோஷன் வைத்துப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சப் பட்டை மேலிருந்து கீழே இறங்குவது தெரியும்.

"இதெல்லாம் இப்ப போன்லயே வருதே அங்கிள்" என்று ஒரு அன்பர் சொன்னார். வருகிறது, உண்மைதான். பழைய இயந்திரத்தைப் போல நடிக்கும் நிரல்கள் கம்ப்யூட்டரில் இருக்கின்றன, நானும் வைத்திருக்கிறேன். நல்ல விஷயம். ஆனால் அந்த வாத்து போனில் விழுந்தால் விரலால் தொட்டு விழுந்ததுதான். துப்பாக்கி, குழாய் டி.வி., கேசட் மூன்றும் சேர்ந்துதான் அந்த விளையாட்டு. இதில் முதலில் போகப்போவது டி.வி.தான். எங்கள் டி.வி.யின் ஃப்ளைபேக் டிரான்ஸ்பார்மர் போனால் மாற்று கிடைப்பது குதிரைக் கொம்பு.

கீழ்த்தட்டில் இருப்பது என் செல்லம். என் மகன் 2016-ல் வேலை நிமித்தமாக ஜப்பான் போனபோது பழைய சாமான் கடையில் வாங்கி வந்தது. 'டென்ஷா டெ கோ' என்று பெயர். 'ரயிலில் போவோம்' என்று சொல்லலாம். டைட்டோ கம்பெனி 1996-ல் விளையாட்டுக் கூடங்களுக்காகச் செய்தது. பிறகு வீட்டுப் பிளேஸ்டேஷனுக்கும் வந்தது. இதற்கென்றே தனிக் கைப்பிடிப் பெட்டி உண்டு. இடது கையில் வண்டியை ஓட்டும் மாஸ்டர் கண்ட்ரோலர், வலது கையில் பிரேக். டோக்கியோவைச் சுற்றி ஓடும் யமனோதே பாதை அதில் இருக்கிறது. யாரையும் சுடவேண்டாம், எதையும் தாண்டிக் குதிக்கவேண்டாம். குறித்த நேரத்தில் ஸ்டேஷனுக்கு வந்து, குறித்த கோட்டில் வண்டியை நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. கேட்கச் சப்பென்று இருக்கும். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

கோட்டைத் தாண்டினால் எத்தனை மீட்டர், எத்தனை சென்டிமீட்டர் என்று திரையில் வரும். கையிருப்பில் உள்ள நேரம் குறையும். வேகக் கட்டுப்பாட்டை மீறினாலும் குறையும். பயந்துபோய் எமர்ஜென்சி பிரேக் போட்டாலும் தண்டனைதான். நின்றுகொண்டிருக்கும் பயணிகள் விழுந்துவிடுவார்கள் அல்லவா? முதல் நாள் நான் பிளாட்பாரத்தையே தாண்டிப் போனேன். சர்வீஸில் இருந்தபோது டிரைவர்களை, "ஏன் சார் இவ்வளவு தள்ளி நிறுத்துறீங்க?" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அவர்களில் யாராவது இதைப் படித்தால் மன்னிக்க வேண்டும். எழுபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியின் பிரேக்கை எங்கே பிடிக்க ஆரம்பிப்பது என்பது, சிக்னல் கம்பத்தை எவ்வளவு தூரத்தில் நடவேண்டும் என்று நான் காகிதத்தில் போட்ட கணக்கின் மறுபக்கம். அந்தப் பக்கத்திலிருந்து பார்க்க எனக்கு ஓய்வு பெற வேண்டியிருந்தது.

வெளிநாட்டுப் பெட்டி வாங்குகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம் 230-ல் நேராகச் செருகினால் தீபாவளிதான். இடையில் தகுந்த டிரான்ஸ்பார்மர் வேண்டும். படம் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தாலும் கவலைப்பட வேண்டாம். அவர்களுடைய என்.டி.எஸ்.சி. முறையில் நிறத்தைச் சுமக்கும் அலை 3.58 மெகாஹெர்ட்ஸ், நம் பால் முறையில் 4.43. பழைய டி.வி.க்கு அந்த நிறம் காதில் விழவில்லை, அவ்வளவுதான். இரண்டு முறையும் தெரிந்த டி.வி. ஆனால் நிறம் வந்துவிடும்.

கடைசியாக ஒன்று. இதை அன்று குழந்தைகளுக்குக் காட்டவில்லை. மேல் தட்டில் எவர்சில்வர் டப்பாவுக்குள், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இருக்கிறது. சாம்பல் நிற 'கேம் பாய்', அதில் ஒரு கேசட். விளையாட்டின் பெயர் 'ஹார்வெஸ்ட் மூன்'. 1998-ல் அமெரிக்காவில் வெளிவந்த பதிப்பு. ஒரு பண்ணையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மண்ணைக் கொத்தி, விதைத்து, தண்ணீர் ஊற்றி, மாட்டுக்குத் தீனி வைத்து, விளைந்ததை விற்க வேண்டும். துபாயில் இருந்த என் மைத்துனர் 1999-ல் மகனுக்கு வாங்கி வந்தார். கும்பகோணம் பக்கத்தில் எங்கள் நிலம் கைமாறி வெகுநாளாகிவிட்டது. பிலாயில் பிறந்து வளர்ந்த பையன் ரயில்வே குவார்ட்டர்ஸ் திண்ணையில் உட்கார்ந்து, உள்ளங்கையில் விவசாயம் பார்த்தான். "அப்பா, தக்காளி வந்துடுச்சு" என்று காட்டுவான். நான் சரியாகப் பார்த்ததில்லை.

2000-ம் வருடம் அக்டோபரில், பத்தாம் வகுப்புப் பரீட்சை வருகிறது என்று அதை அவன் கையிலிருந்து வாங்கி டிரங்குப் பெட்டியில் பூட்டினேன். பரீட்சை முடிந்ததும் தருவதாகச் சொன்னேன். பரீட்சை முடிந்தது. அவன் கேட்கவில்லை. நானும் தரவில்லை. பிறகு பிளஸ் டூ, காலேஜ், வேலை. 2015-ல் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சொந்த வீட்டுக்கு வரும்போதுதான் அந்தப் பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே வைத்த நான்கு பென்சில் பாட்டரிகளும் கசிந்து, பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தன. நல்லவேளையாக அவை அல்கலைன் வகை. அந்தக் கசிவு காரம். வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பின் ஆல்கஹாலால் துடைத்து, கம்பிகளைச் சுத்தம் செய்தேன். (விளையாட்டுப் பெட்டியை எடுத்து வைக்கும்போது பாட்டரியைக் கழற்றி வையுங்கள். நானே செய்யாத ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன்.) புதுப் பாட்டரி போட்டேன். பெயர்ப் பலகை மேலிருந்து இறங்கி வந்து 'டிங்' என்றது. உள்ளே போனால் என் மகன் பெயர் இருந்தது. அவன் போட்ட பாத்தி இருந்தது. அந்த விளையாட்டுக்குள் கடிகாரம் கிடையாது. நிறுத்தி வைத்தால் நாள் நகராது. பதினைந்து வருடமாக அங்கே ஒரே காலை.

எப்படி அழியாமல் இருந்தது? கேசட்டுக்குள் காசு வடிவில் 3 வோல்ட் லித்தியம் பாட்டரி ஒன்று தனியாக இருக்கிறது. விளையாடிய விவரம் இருப்பது மின்சாரம் போனால் மறந்துவிடும் வகை நினைவுச் சில்லில். அதற்கு வேண்டிய மின்சாரம் மிக மிகக் கொஞ்சம், மைக்ரோ ஆம்பியர் கணக்கு. அதைத்தான் அந்தக் காசு பாட்டரி இரவும் பகலும் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆனால் அதுவும் என்றோ ஒரு நாள் தீரும். 2015-ல் மீட்டர் வைத்துப் பார்த்தபோது 2.8 வோல்ட். 2019-ல் 2.6. அந்தச் சில்லு 2 வோல்ட்வரை தாங்கலாம், அதற்குக் கீழே உத்தரவாதம் இல்லை. பாட்டரியை மாற்றக் கழற்றினால் அந்த நொடியே பண்ணை போய்விடும். மாற்றாவிட்டால் சில வருடத்தில் போகும்.

சிக்னல் வேலையில் ஒரு பாயிண்ட் மெஷினைத் தொடுவதற்கு முன் ஸ்டேஷன் மாஸ்டருக்கு டிஸ்கனெக்ஷன் நோட்டீஸ் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஓடிக்கொண்டிருப்பதை யாருக்கும் சொல்லாமல் கழற்றக்கூடாது. அதேபோல் முதலில் பண்ணையைப் பிரதி எடுத்தேன். கேசட்டைச் செருகிக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சிறு கருவி கிடைக்கிறது. அதன் வழியாக நினைவுச் சில்லில் இருந்ததை இரண்டு தடவை எடுத்து, இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்த்தேன். சந்தையில் வாங்கிய இரண்டு பழைய கேசட்டுகளில் கை பழகிக்கொண்டேன். அதன் பிறகுதான் திறந்தேன். பழைய பாட்டரியின் தகட்டுக் காலைச் சூடாக்கி எடுத்து, கால் வைத்த புதுப் பாட்டரியைப் பற்றவைத்தேன். சாதாரணப் பாட்டரியின்மேல் நேராக ஈயம் வைக்கக் கூடாது, சூட்டில் வெடித்துவிடும். பின் பிரதியைத் திரும்ப ஏற்றினேன். அன்று கை நடுங்கியது போல யார்டில் ஒரு நாளும் நடுங்கியதில்லை. மகன் பெயர் திரும்ப வந்தது. பாத்தியும் வந்தது.

இதற்கு முன்பே, 2015 தீபாவளிக்கு அவன் வந்தபோது அதைக் கையில் கொடுத்திருந்தேன். பால்கனியில் நின்றபடி கால் மணி நேரம் ஆடினான். பிறகு, "தண்ணி ஊத்த இருந்தேன் அப்பா, அப்பத்தான் வாங்கிட்டீங்க" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்க் காபி போடச் சொன்னேன்.

இப்போது பேத்தி கேட்கிறாள், அந்தப் பண்ணையைத் தானே பார்த்துக்கொள்ளட்டுமா என்று. பிரதி இருக்கிறது, பயமில்லை, கொடுக்கலாம் என்று மகன் சொல்கிறான். வரும் கோடை விடுமுறையில் கொடுப்பதாக இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கிலிருந்து ஆறரைவரை வீட்டில்தான் இருப்பேன். குழந்தைகளை அழைத்து வாருங்கள். பரணில் பழைய கேசட், கைப்பிடி, ஓடாத கையடக்க விளையாட்டு எது கிடந்தாலும் எடை போட்டு விற்பதற்கு முன் ஒரு தடவை காட்டுங்கள். பழுது பார்த்துத் தருவேன், கூலி இல்லை. யார் வீட்டிலாவது 14 அங்குலக் குழாய் டி.வி. சும்மா கிடந்தால் பேரம் பேசாமல் வாங்கிக்கொள்கிறேன். வாத்துகளுக்கு வேண்டியிருக்கிறது.